முந்திப் பேசிய பொத்தை

ஊருக்கு மேற்கே, கடைசி வீட்டுக்கும் குளத்தங்கரைக்கும் நடுவே, மரமும் புல்லும் ஒட்டாத ஒற்றைக் கல்மலையாக நிற்கிற கூப்பாட்டுப் பொத்தை, ஓர் ஆனி மாதத்துச் சாரலில், பால்காரர் மாடக்கண்ணு "பாலேய்" என்று கூப்பிட வாயைத் திறப்பதற்கு முன்பே, அவருடைய குரலில், அவருடைய இழுப்போடு, "பாலேய்" என்று எதிரொலித்தது. மாடக்கண்ணு சைக்கிளில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாகச் சற்று நேரம் நின்றார். எதிரொலி வந்துவிட்ட பிறகு கூப்பிடாமல் போவது முறையில்லை என்று பட்டதால் ஒரு தடவை கூப்பிட்டார். பெண்கள் ஏற்கெனவே செம்போடு வாசலில் நின்றார்கள். அன்றைக்குப் பால் சீக்கிரம் தீர்ந்தது, அவ்வளவுதான்.

ஏன் இப்படி ஆனது என்று கேட்டவர்கள் குறைவு. வெயிலில் காய்ந்த கல்மேல் திடீரென்று சாரல் விழுந்ததால் அதற்குப் புத்தி முன்னும் பின்னுமாகிவிட்டது என்று பொத்தைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் கோமதிநாயகம் சொன்னார், அந்த விளக்கமே எங்களுக்குப் போதுமாக இருந்தது. எப்படி நடந்துகொள்வது என்பதுதான் பெரிய கேள்வி. பொத்தையின் முகத்துக்கு எதிரே இருக்கும் திடலில் சத்தமாகச் சொல்லப்படுவது மட்டும்தான் அதன் காதில் விழும், குளத்தங்கரையைத் தாண்டிவிட்டால் அதற்குக் காது கிடையாது என்பதைச் சீக்கிரமே தெரிந்துகொண்டோம். மீன்காரியின் குரலைப் பொத்தை கொடுத்ததும் சட்டியைக் கழுவி வைத்தோம். சண்டைக்காரர்கள் தாங்கள் வாங்கப்போகும் வசவை முன்கூட்டியே கேட்டுவிட்டு, அதற்குரிய பதிலும் அதற்கு வரும் பதிலும் கேட்டுவிட்டு, பிறகு வெளியே வந்து, நின்று, சொல்லவேண்டியதை ஒப்புக்குச் சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். ஒரு சண்டையில் பாதிக்கு மேல் அடுத்தது என்ன வரும் என்று தெரியாததால்தான் நடக்கிறது என்பது அந்த வருடம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பொத்தையடியில் இருக்கும் அந்தக் கடைசி வீடு முப்பிடாதியுடையது. எங்கோ இருக்கும் மருந்துக் கிடங்குகளுக்கான மென்பொருளில், தப்பான விடை வெளியே வந்தால், எது உள்ளே போனதால் அப்படி வந்தது என்று பின்னோக்கித் தேடிக் கண்டுபிடிப்பது அவள் வேலை. முன் அறையில் ஜன்னலோரம் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை செய்வாள். வேலை முடிந்த பிறகும் அவள் தலை ஓயாது. காலம் ஏன் ஒரே பக்கமாக ஓடுகிறது, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினி நிரலுக்குத் தான் எப்போது நிற்போம் என்று தெரியுமா, நாம் எடுக்கும் முடிவு நாம் எடுப்பதுதானா, இப்படிப்பட்டவற்றை வெங்காயம் உரித்துக்கொண்டே யோசிப்பாள்.

அவள் கணவர் கொம்பையா காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்க்கிறவர். கோபுரத்தின் உள்ளே இருக்கும் ஏணியில் ஏறும்போதும் பேசுவார், கீழே நின்றவர் போன பிறகும் பேசுவார், ஆளே இல்லையென்றால் சுற்றுகிற இறக்கையோடு பேசுவார். வீட்டில் இருந்தால் பல் தேய்க்கும்போதும் பேச்சு நிற்காது. "இந்த வாயோட எப்படிட்டி யோசிக்க?" என்று கேட்டவர்களிடம் முப்பிடாதி, "அந்தச் சத்தம் ஓடுனாத்தான் எனக்கு யோசனை ஓடுது. அவுக ஊர்ல இல்லன்னா ரெண்டும் நின்னுபோவுது" என்றாள்.

பொத்தை முந்திப் பேசத் தொடங்கியதும் அவளுக்குத் திருவிழா வந்த மாதிரி இருந்தது. ஒரு காலை, பொத்தை அவள் குரலில் "புளி" என்று சொன்னது. அவள் முற்றத்தில் நின்றுகொண்டு, இன்றைக்கு வேறு எதைச் சொன்னாலும் சொல்வேன், புளி என்று மட்டும் சொல்லமாட்டேன் என்று உறுதி எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொண்டதைப் பெருமையாகக் கோமதிநாயகத்திடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, தெருமுனையிலிருந்து கொம்பையா, "ஏட்டி, கடையில என்ன வாங்கணும்?" என்று கத்த, அவள் திரும்பிப் பார்க்காமலே "புளி" என்று கத்தினாள். கோமதிநாயகம் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் விடவில்லை.

மறுநாள் ஓர் எந்திரத்தை ஏற்பாடு செய்தாள். லேப்டாப்போடு ஒரு ஸ்பீக்கரை இணைத்து, பொத்தை "ஒன்று" என்றால் இது "இரண்டு" என்று சொல்லவேண்டும், பொத்தை "இரண்டு" என்றால் இது "ஒன்று" என்று சொல்லவேண்டும் என்று நிரல் எழுதித் திடலில் வைத்தாள். மனுசிக்கு மறதி உண்டு, எந்திரத்துக்குக் கிடையாது. நாங்கள் எல்லாரும் போய்ச் சுற்றி நின்றோம். பொத்தை ஒன்று என்றும் சொல்லவில்லை, இரண்டு என்றும் சொல்லவில்லை. வெயில் ஏறியது. எந்திரமும் பொத்தையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. கடைசியில் பொத்தை ஓர் ஆட்டின் கத்தலை மட்டும் கொடுத்தது, சற்றுப் பொறுத்து ஓர் ஆடு வந்து கத்தியது.

"பொத்தை தோத்துட்டுன்னு சொல்லு" என்றார் கோமதிநாயகம்.

"இல்ல அண்ணாச்சி. அது யாரையும் வம்பு பண்ணிச் சொல்ல வைக்கல. பொய்யாப் போறத அது சொல்லாது, அம்புட்டுதான். நாம என்ன செய்வோமோ அதையும் சேத்துப் பாத்துட்டு, எல்லாம் ஒத்துவாரது எதுவோ அத மட்டும் சொல்லுது."

"அப்ப மரியாதை தெரிஞ்ச கல்லுதான்" என்றார் அவர்.

சாரல் முடிந்து காற்று திரும்பியபோது, எதிரொலிக்கும் சத்தத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி வளர ஆரம்பித்தது. முதலில் கண் இமைக்கும் நேரமாக இருந்தது, உலை கொதிக்கும் நேரமாக நீண்டது, புரட்டாசியில் மறுநாள் பேச்சு முந்தின நாளே வந்தது, கார்த்திகையில் ஒரு வாரத்துக்கு அப்பால் போய் நின்றது. எது எந்த நாளின் பேச்சு என்று குழம்பாமல் இருக்கச் சந்தை ஆட்டோ எங்களுக்கு உதவியது. செவ்வாய்க்கிழமைதோறும் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு திடலுக்கு வந்து கத்திரிக்காய் என்றும் தக்காளி என்றும் அது கத்துவதைப் பொத்தை தவறாமல் கொடுத்தது. ஆட்டோவுக்கு முந்தி வந்தது திங்கள், பிந்தி வந்தது புதன்.

அப்படி ஒரு பகலில், திடலோரத்துச் சாஸ்தா கோயிலின் உச்சிப் பூசை மணியைக் கொடுத்த கையோடு, பொத்தை அழ ஆரம்பித்தது.

ஓர் ஆள் அழவில்லை, ஊரே அழுதது. மாரடிக்கிற சத்தம் கேட்டது. "எங்கள விட்டுப் போயிட்டியே கொம்பையா" என்று பெண்கள் இழுத்தார்கள். எல்லாருக்கும் மேலே கொம்பையாவின் அம்மா ஆவுடையம்மாளின் குரல், "நான் பெத்த ராசா, நான் பெத்த ராசா" என்று கல்லை உரசுவதுபோல ஏறி ஏறி இறங்கியது. ஆண்களும் அழுதார்கள். கோமதிநாயகத்தின் கட்டைக் குரல், "உன்ன மாதிரி வாய் பேசாத மனுசன் உண்டாடா" என்றது. ஒரு பானை உடைந்தது. அதன்மேல் முப்பிடாதி "அத்தான்!" என்று, இதுவரை யாரும் அவளிடம் கேட்டிராத குரலில், ஒரே தடவை கத்தினாள். அதற்குப் பின்னால் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு சத்தம், சைக்கிள் டியூபில் காற்றுப் போவதுபோலவும் பன்றி உறுமுவதுபோலவும், வந்து நின்றது. பிறகு ஒன்றுமில்லை. ஒரு நாய் குரைத்தது. மறுநாள் அதே நேரத்துக்குக் கத்திரிக்காய் ஆட்டோவைப் பொத்தை கொடுத்தது. ஆகவே வருகிற திங்கட்கிழமை, உச்சிப் பூசைக்குப் பிறகு.

முப்பிடாதியின் செல்போன் எப்போதும் பொத்தையைப் பதிவு செய்துகொண்டே இருக்கும். அன்று மாலை ஊரே கூடி அதை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம், பொத்தைக்குக் கேட்காதபடி குளத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து. ஒவ்வொருவரும் தங்கள் குரலைக் கண்டுபிடித்தார்கள். "இது நான்." "இது எங்க மைனி." "இந்த மூக்குறிஞ்சல் யாருது?" "உம்மதுதான் வே, வேற யாருக்கு இப்படி வரும்?" மாடக்கண்ணு இருந்தார், மீன்காரி இருந்தாள், கோயில் பூசாரி இருந்தார். ஊரில் பேசத் தெரிந்த எல்லாருடைய குரலும் இருந்தது. பிறந்ததிலிருந்து வாயை மூடியறியாத கொம்பையாவின் குரல் மட்டும் எந்த மூலையிலும் இல்லை. அதைத்தான் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லாமல் திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டிருந்தோம்.

"செத்த பெறகாவது என்ன நல்லவன்னு சொன்னீரே அண்ணாச்சி" என்று கொம்பையா கோமதிநாயகத்திடம் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் அதற்குமேல் பேசவில்லை, அந்த வாய் ஓய்ந்ததைப் பார்த்துத்தான் ஆவுடையம்மாளுக்கு மயக்கம் வந்தது.

அவரைக் காற்றாலைக்கு அனுப்பக்கூடாது என்றார்கள். அறையில் போட்டுப் பூட்டவேண்டும் என்றார்கள். பூசாரி ஒரு வழி சொன்னார். திங்கட்கிழமை விடியலில் ஊரைக் காலி செய்துவிட்டு எல்லாரும் குற்றாலம் போய்விட்டால் திடலில் அழ ஆள் இருக்காது, ஆள் இல்லையென்றால் அழுகை இல்லை, அழுகை இல்லையென்றால் சாவும் இல்லை. எங்களுக்கு அது சரியாகவே பட்டது. வேன் பேசக்கூட ஆள் எழுந்துவிட்டது.

அதுவரை புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்த முப்பிடாதி, "நான் புளி சொன்ன கதைதான் ஆவும்" என்றாள்.

"என்னட்டி சொல்லுத?"

"குத்தாலத்துக்குப் போவோம். பாதி வழியில ஒருத்தருக்கு ஒண்ணு ஆவும், எல்லாரும் இங்கனதான் திரும்பி வருவோம், இதே திடல்ல நின்னு இதே அழுகையத்தான் அழுவோம். நாம வாய மூடிக்கிட்டா, அது தனக்கு ஒரு காரணத்தத் தேடிக்கிடும். அது தேடுத காரணம் எப்படி இருக்கும்னு எனக்குப் பயமா இருக்கு. அதனால காரணத்த நாமளே குடுத்திருவோம்."

யாருக்கும் புரியவில்லை. அவள் தரையில் குந்தி உட்கார்ந்தாள்.

"பத்துன்னு ஒரு விடை வருது. ஏழும் மூணும் சேந்து வந்த பத்தா, ஆறும் நாலும் சேந்து வந்த பத்தான்னு அந்தப் பத்துக்குத் தெரியுமா? என் வேலையே இதுதான். வெளிய வந்தது ஒண்ணா இருக்கும், உள்ள போனது நூறு விதமா இருக்கலாம். பொத்தை நமக்குச் சத்தத்தத்தான் குடுத்திருக்கு. சாவக் குடுக்கல. அத நாமதான் உள்ள வச்சுக் கேக்கோம். இதே சத்தம், இதே நேரத்துல, இதே எடத்துல வந்துட்டுன்னா அது சொன்னது சரியாப் போச்சு. அவுக செத்திருக்கணும்னு அதுக்கு ஒரு கட்டாயமும் கிடையாது."

"அவன் குரல் இல்லையே தாயி" என்றார் கோமதிநாயகம் மெதுவாக.

"குரல் இல்ல. ஆள் இல்லன்னு யார் சொன்னா? ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருந்தாலும் குரல் இருக்காது."

எல்லாரும் கொம்பையாவைப் பார்த்தோம். அவருக்குப் பக்கத்தில் இருந்த யாரோ, "அதுக்குச் சாவே லேசு" என்றார்கள். அன்றைக்கு முதன்முதலாக ஊர் சிரித்தது.

ஆவுடையம்மாள் மட்டும் சம்மதிக்கவில்லை. "உசிரோட இருக்க பிள்ளைக்கு மாரடிச்சு அழுவுத வாய் என் வாய் இல்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பதிவில் பாதி அவள் குரல்தான். அவள் இல்லாமல் ஒன்றும் நடக்காது. பெண்கள் போய்க் கெஞ்சினார்கள், பூசாரி போய் இது தோஷம் இல்லை என்று சொன்னார். முப்பிடாதி செல்போனை மாமியாரின் காதருகே வைத்து, மற்றக் குரல்களையெல்லாம் குறைத்து, அவள் குரலை மட்டும் கேட்கவிட்டாள். நான் பெத்த ராசா, நான் பெத்த ராசா. ஆவுடையம்மாள் முழுவதும் கேட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

"இத நான் ஒரு நாள் அழுதுதான் தீரணுமா?"

"ஆமா அத்தை."

"நெசமா அழுவுததுக்குப் பதிலா பொய்யா அழுதுட்டுப் போறேன். ஆனா அவன் என் கண்ணு முன்னால உக்காந்திருக்கணும். அவனப் பாக்காம என்னால முடியாது."

அதனால் கொம்பையாவைத் தொலைவில் எங்கேயும் அனுப்பி வைக்கவும் வழியில்லாமல் போயிற்று.

அந்த வாரம் முழுவதும் குளத்துக்கு அந்தப் பக்கம் ஒத்திகை நடந்தது. முப்பிடாதி வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, பதிவைத் துண்டு துண்டாக நறுக்கி, அவரவர் அழுகையை அவரவர் செல்போனுக்கு அனுப்பி வைத்தாள். மாடு கறக்கும்போதும் வயலில் களை எடுக்கும்போதும் எல்லாரும் காதில் தங்கள் அழுகையைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தினமும் மாலையில் ஒன்றாக அழுது பார்த்தோம். ஒரு நாள் பூசாரி முந்திக்கொண்டார், ஒரு நாள் மீன்காரிக்கு அழுகைக்குப் பதில் விற்கிற குரல் வந்தது. நாய்க்கு மட்டும் ஒத்திகை வேண்டாம், அதற்கு எப்போது குரைப்பது என்று தெரியும் என்றாள் முப்பிடாதி. பானையைக் கோமதிநாயகத்திடம் கொடுத்தோம். கடைசியில் வந்த அந்த இன்னதென்று தெரியாத சத்தத்தை யாருக்குக் கொடுப்பது என்றுதான் விளங்கவில்லை. சைக்கிள் டியூபை வைத்துப் பார்த்தோம், குக்கரை வைத்துப் பார்த்தோம், எதுவும் ஒக்கவில்லை. அவளும் தன் பங்கு "அத்தா"னைக் கத்திப் பார்த்தாள். அது ஒரு நாளும் பதிவில் இருந்த மாதிரி வரவில்லை. மென்மையாக வந்தது, அல்லது கோபமாக வந்தது.

எல்லாவற்றையும்விடக் கொம்பையாதான் கஷ்டம். நடுவில் நாற்காலியில் அவரை உட்காரவைத்தால், "சித்தி, அந்த எடத்துல இன்னும் கொஞ்சம் இழுக்கணும்" என்பார். "மாடக்கண்ணண்ணே, நீரு எனக்கு அழுதீரா, மாட்டுக்கு அழுதீரா?" என்பார். வாயைக் கட்டலாம் என்றார்கள். கட்டினாலும் மூக்கால் பேசுவார் என்றாள் அவர் அம்மா. கடைசியில் அவரே ஒரு யோசனை சொன்னார். "வாய் நெறையத் தண்ணிய வச்சுக்கிடுதேன். பேசுனா வெளிய வந்துரும்லா, அதுல ஞாபகம் இருக்கும்."

திங்கட்கிழமை பகலில், சாமான்களையெல்லாம் வீட்டுக்குள் எடுத்து வைத்து, ஆடு மாடுகளைக் கட்டி, திடலில் கூடினோம். பொத்தை வெயிலில் வெறுமனே நின்றது. கொம்பையா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். முப்பிடாதி செம்பை நீட்டினாள், அவர் வாய்கொள்ளத் தண்ணீரை வாங்கிக் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டார். அவர் கண்ணில் பயம் இருந்ததை அப்போதுதான் பார்த்தோம். ஒரு வாரமாக அவர் பேசியதெல்லாம் அதை மூடத்தானோ என்று தோன்றியது. உச்சிப் பூசை மணி அடித்தது.

யாருக்கும் அழுகை வரவில்லை.

உயிரோடு, கன்னம் உப்பி, விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதனைப் பார்த்து எப்படி அழுவது? ஆவுடையம்மாள் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. மகனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் அப்பா செத்த அன்றைக்கு இவன் தொட்டிலில் காய்ச்சலோடு கிடந்தான், இவனைப் பார்ப்பதா அவரைப் பார்ப்பதா என்று தெரியாமல் அன்றைக்கு அவள் அழவில்லை. பிறகு அழுவதற்கு வேளை வாய்க்கவில்லை. அது இப்போது வந்தது. "நான் பெத்த ராசா" என்று மகனைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் அது அவன் அப்பாவுக்கு அழுத அழுகை. அவள் தொடங்கியதும் மீன்காரிக்குக் கடலுக்குப் போய்த் திரும்பாதவனின் நினைவு வந்தது. மாடக்கண்ணுக்குக் கல்யாணமாகித் தூரத்துக்குப் போய்ப் பேசாமலே இருக்கும் மகள் நினைவு வந்தது. பூசாரிக்கு எது நினைவு வந்ததோ, தலையில் அடித்துக்கொண்டார். ஒவ்வொருவரும் தங்களுக்குள் கிடந்த ஒன்றை எடுத்து, கொம்பையா என்ற பெயரைப் போட்டு அழுதார்கள். பெயர் ஒன்றாகவும் காரணம் வேறு வேறாகவும் இருந்த அந்த அழுகை, பொத்தை கொடுத்த அழுகையோடு ஒரு மூச்சுகூட முன்பின் இல்லாமல் பொருந்திப் போவதைச் செல்போனைக் காதில் வைத்து முப்பிடாதி கேட்டுக்கொண்டிருந்தாள்.

கோமதிநாயகத்தின் முறை வந்தது. அவர் பானையைக் கட்டிக்கொண்டு, கண்ணீரும் மூக்குமாக, உண்மையிலேயே உருகிப்போய், "உன்ன மாதிரி வாய் பேசாத மனுசன் உண்டாடா" என்றார்.

கொம்பையாவின் தோள் ஒரு தடவை குலுங்கியது. கன்னம் இன்னும் உப்பியது. முகம் சிவந்தது. கண் பிதுங்கியது. பிணமாக உட்கார்ந்திருக்க வேண்டிய ஆள் குலுங்குவதைப் பார்த்த அதிர்ச்சியில் கோமதிநாயகத்தின் கை நழுவி, நாங்கள் திட்டமிட்ட எதற்கும் காத்திராமல், பானை தானே விழுந்து உடைந்தது. இவர் சிரிக்கப்போகிறார், சிரித்தால் குரல் வந்துவிடும், குரல் வந்தால் எல்லாம் போயிற்று என்று முப்பிடாதிக்குத் தெரிந்த அந்தக் கணத்தில், ஒரு வாரமாக வராத அந்தக் குரல், அடிவயிற்றிலிருந்து, தானாக வந்தது.

"அத்தான்!"

கொம்பையா வாயைத் திறக்கவில்லை. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. சைக்கிள் டியூபில் காற்றுப் போவதுபோலவும் பன்றி உறுமுவதுபோலவும் ஒரு சத்தம் கேட்டது.

பிறகு ஒன்றுமில்லை. ஒரு நாய் குரைத்தது.

அந்தச் சத்தம் என்னவென்று எல்லாருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. ஊரில் பேசத் தெரிந்த எல்லாருடைய குரலும் இருந்த அந்தப் பதிவில், நாங்கள் மூலை மூலையாகத் தேடிய கொம்பையாவும் இருந்திருக்கிறார். கடைசியில், மூக்கால், உயிரோடு. ஆவுடையம்மாளின் வாய் கோணியது. கோமதிநாயகம் பானை ஓட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். முப்பிடாதி உதட்டில் விரலை வைத்து, மறு கையால் குளத்தங்கரையைக் காட்டினாள். இதற்குப்பின் அன்றைய பொழுதுக்குப் பொத்தை எங்களுக்கு எதையும் கொடுத்திருக்கவில்லை. ஆகவே இதற்குப்பின் அதன் முன்னால் எந்தச் சத்தமும் எழக்கூடாது. ஊரே வாயைப் பொத்திக்கொண்டு ஓடியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கொம்பையாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் ஓடினோம். கரையைத் தாண்டி, பொத்தையின் தலை மறைந்ததும், முதல் குலவையை ஆவுடையம்மாள்தான் போட்டாள். அதற்குப் பிறகு யார் என்ன கத்தினோம் என்று யாருக்கும் தெரியாது. குளத்திலிருந்த கொக்குகள் எல்லாம் எழுந்து போயின. கொம்பையா பேசினார், பேசினார், இருட்டும்வரை பேசிக்கொண்டே இருந்தார். யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் சந்தை ஆட்டோ வந்தபோது முதல் ஆளாகப் போய்க் கத்திரிக்காய் வாங்கியவர் அவர்தான்.

"அப்ப நீ விதிய மாத்திட்ட, இல்லையா?" என்று கோமதிநாயகம் முப்பிடாதியிடம் கேட்டார்.

"மாத்தல அண்ணாச்சி. மொதல்ல இருந்து அது இப்படித்தான் இருந்திருக்கு. அந்த மூக்குச் சத்தம் ஒரு வாரம் முன்னாலயே இருந்துச்சே."

"அப்ப நாம ஒண்ணும் செய்ய வேண்டியதில்லைன்னு ஆவுதே."

"செஞ்சதாலதான் இருந்துச்சு. நாம செய்யாம இருந்திருந்தா, அன்னைக்கே வேற சத்தம்லா கேட்டிருக்கும்." சொல்லிவிட்டு அவளே சற்று யோசித்தாள். "இன்னும் முழுசாப் பிடிபடல. ஆனா நல்லா இருக்கு" என்றாள்.

அந்த வாரத்தின் கடைசியில் பொத்தை ஒரு சிரிப்பைக் கொடுத்தது. ஊர் முழுவதும் சேர்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அடங்கி, திரும்பவும் வெடிக்கிற சிரிப்பு. எதற்கு என்று தெரியவில்லை. ஆனால் வரும் என்பதால் காத்திருந்தோம். சிரிப்புக்கு அப்புறம் பொத்தை வாயை மூடிக்கொண்டது. சந்தை ஆட்டோவும் அதில் கேட்கவில்லை, மாடக்கண்ணும் கேட்கவில்லை. பெண்கள் மறுபடி நேரம் பார்த்துச் செம்பைக் கழுவினார்கள். சண்டைகள் பழைய நீளத்துக்குத் திரும்பின. பொத்தைக்கு வயதாகிவிட்டது என்றார் பூசாரி. இடைவெளி நீண்டு நீண்டு எங்கேயோ போய்விட்டது, அது பேசிக்கொண்டிருக்கும் காலத்துக்கு நாம் இன்னும் போய்ச் சேரவில்லை என்றாள் முப்பிடாதி.

ஒரு சாயங்காலம், கோமதிநாயகத்தின் கடையில் எல்லாரும் இருந்தோம். கொம்பையா காற்றாலை மேலிருந்து பார்த்தால் கடல் தெரியும் என்று சாதித்துக்கொண்டிருந்தார். முப்பிடாதி பால் வாங்க வந்து, வாங்காமல், அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பொத்தை தொண்டையைச் செருமியது. நெடுநாளைக்குப் பிறகு கேட்டதால் எல்லாரும் எழுந்துவிட்டோம்.

ஒரு கிழவரின் குரல். சளி கட்டி, மூச்சு இரைத்து, நாங்கள் யாரும் கேட்டறியாத தளர்ச்சியோடு, ஆனால் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த பெரிய வாயோடு, அது கடைசி வீட்டு முற்றத்திலிருந்து கத்தியது.

"ஏட்டி முப்பிடாதீ! என் பல்செட்ட எங்கட்டி வச்ச?"

கொம்பையா பேச்சை நிறுத்தினார். நாங்கள் எல்லாரும் கேட்க விரும்பியது ஒன்றுதான், அந்தக் கேள்விக்குப் பதில் வருமா என்பதுதான். முப்பிடாதி செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பொத்தையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காற்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. வீட்டுக்குள்ளிருந்து வருவதுபோல, நிதானமாக, ஒரு கிழவியின் குரல் வந்தது.

"ஒங்க வாயிலதான் இருக்கு அத்தான்!"

கொம்பையா தன் வாய்க்குள் விரலை விட்டு ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பார்த்தார். கோமதிநாயகம்தான் முதலில் தொடங்கினார். பிறகு மாடக்கண்ணு, பிறகு ஆவுடையம்மாள், பிறகு முப்பிடாதி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அடங்கி, திரும்பவும் வெடித்து, ஊரே சேர்ந்து சிரித்த அந்தச் சிரிப்பு, நாங்கள் முன்பே கேட்டுவிட்டு இவ்வளவு நாளும் காத்துக்கொண்டிருந்த சிரிப்பு.